நிறத்தைப் பார்த்து மேப்பிள் வாங்காதீர்கள்: சிவப்பு மேப்பிளை அடையாளம் கண்டு வளர்க்கும் வழி

வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் சொந்த வீடு வாங்கிய பலர், அக்டோபரில் தெரு முழுக்கச் சிவந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, நம் வாசலிலும் ஒன்று இருக்கட்டுமே என்று நேராக நர்சரிக்குப் போய், இருப்பதிலேயே எது அதிகச் சிவப்போ அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆசை நியாயமானதுதான், தேர்ந்தெடுக்கும் முறைதான் சரியில்லை. மேப்பிளில் அதிகம் ஏமாற்றுவது நிறம். கோடை முழுவதும் கருஞ்சிவப்பாக நிற்கும் பெரிய மேப்பிள் அநேகமாக இந்த மண்ணின் மரமே இல்லை. ஆகஸ்டிலேயே சிவந்துவிட்ட மேப்பிளுக்கு ஏதோ கஷ்டம் இருக்கிறது. ஜூலையில் மஞ்சளடித்துப் போனதற்கு மண் ஒத்துக்கொள்ளவில்லை.

கனடாவில் மட்டும் 10 வகை மேப்பிள்கள் இயற்கையாக வளர்கின்றன. அத்தனையையும் எடுத்தால் எழுதி முடியாது. வீட்டுத் தோட்டத்துக்கு அதிகம் ஒத்துவருவது சிவப்பு மேப்பிள், அறிவியல் பெயர் ஏசர் ரூப்ரம். நியூஃபவுண்ட்லாந்திலிருந்து ஃப்ளோரிடா வரைக்கும், மேற்கே மினசோட்டா, கிழக்கு டெக்சாஸ் வரைக்கும் பரவிக் கிடக்கிறது. தண்ணீர் தேங்கும் சதுப்பிலும் நிற்கும், காய்ந்த மேட்டிலும் நிற்கும். ரோட் ஐலண்டின் மாநில மரமும் இதுதான். (கனடாக் கொடியில் இருப்பது எந்த மேப்பிள் இலை என்று கேட்பவர்களுக்கு: 1965இல் ஏற்றுக்கொண்ட அந்த 11 முனை இலை, கொடிக்காக எளிமைப்படுத்தி வரைந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மரம் தேடிப் போகாதீர்கள்.)

இலைக்கு முன்னால் கிளை

எல்லோரும் முதலில் இலையைப் பறித்துப் பார்ப்பார்கள். நான் சொல்வது, முதலில் இளங்கிளையைப் பாருங்கள். மேப்பிளில் இலையும் மொட்டும் சிறு கிளையும் எதிரெதிராக ஜோடியாக வரும், ஒரே கணுவில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. இந்த ஊர்களில் பெரிதாக வளரும் மரங்களில் இப்படி எதிரெதிராகக் கிளைப்பவை கொஞ்சம்தான்: மேப்பிள், ஆஷ், குதிரைக் கஷ்கொட்டை, அப்புறம் சிறிய மரமான டாக்வுட். ஸ்வீட்கம் என்ற மரத்தின் இலை நட்சத்திரம் மாதிரி, இலையுதிர்காலத்தில் சிவந்து, மேப்பிள் என்றே பலரை நம்பவைக்கும். சிக்கமோர் இலையும் அப்படித்தான். இரண்டிலும் இலைகள் மாறி மாறி வரும் என்பதால் கணுவைப் பார்த்தால் அரை நிமிடத்தில் சந்தேகம் தீர்ந்துவிடும். ஒரே ஒரு கிளையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஜோடியில் ஒன்று காற்றிலோ பனியிலோ ஒடிந்து போயிருக்கலாம், அதனால் நாலைந்து இடத்தில் பாருங்கள்.

மேப்பிள்தான் என்று உறுதியானதும் இலைக்கு வரலாம். சிவப்பு மேப்பிள் இலையில் மூன்று மடல் தெளிவாகத் தெரியும். சில இலைகளில் கீழே இன்னும் இரண்டு சின்னதாக இருக்கும். ஓரம் முழுக்க ரம்பப் பல் போலச் சிறுசிறு வெட்டுகள். இரண்டு மடலுக்கு நடுவில் உள்ள பள்ளம் கூர்மையாக 'வி' வடிவில் இறங்கும். திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் வெளிறி, சாம்பல் பூசினாற்போல இருக்கும். இலைக்காம்பு பெரும்பாலும் சிவப்பாக இருக்கும், ஆனால் அதை வைத்து மட்டும் சத்தியம் செய்ய முடியாது.

இதோடு குழப்பிக்கொள்ளும் மரங்கள் மூன்று.

சர்க்கரை மேப்பிள், சாற்றைக் காய்ச்சிச் சிரப் என்ற இனிப்புப் பாகு எடுப்பார்களே அது. இலை ஓரத்தில் ரம்பப் பல் இருக்காது. மடல்களில் அங்கங்கே சில பெரிய முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டு மற்ற ஓரமெல்லாம் வழவழவென்று போகும். பள்ளம் 'யு' வடிவில் உருண்டிருக்கும். குளிர்காலத்தில் மொட்டைப் பார்த்தால் இன்னும் சுலபம். சர்க்கரை மேப்பிளின் மொட்டு பழுப்பாகக் கூராக ஊசிமுனை போல இருக்கும், சிவப்பு மேப்பிளின் மொட்டு சிவப்பாக, மொழுக்கென்று, கொத்துக் கொத்தாக இருக்கும்.

வெள்ளி மேப்பிளின் இலை நடு நரம்பை நோக்கி ஆழமாக வெட்டுப்பட்டு, அடியில் வெள்ளை வெளேரென்று தெரியும். மொட்டு மட்டும் சிவப்பு மேப்பிளைப் போலவே இருப்பதால் குளிர்காலத்தில் குழப்பம் வரும். அப்போது ஒரு சிறு குச்சியை ஒடித்துக் கசக்கி முகர்ந்து பாருங்கள். வெள்ளி மேப்பிள் குச்சியில் ஒரு கெட்ட வாடை வரும், சிவப்பில் வராது.

மூன்றாவது நார்வே மேப்பிள். இதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் மேப்பிள் நடக் கூடாது என்பேன். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. டச்சு எல்ம் நோய் வந்து தெரு ஓர எல்ம் மரங்களை அழித்த பிறகு, அந்த இடத்தையெல்லாம் நிரப்ப இதை வரிசை வரிசையாக நட்டுவிட்டார்கள். இப்போது காட்டுக்குள் புகுந்து, அடர்ந்த நிழலால் கீழே எதையும் வளரவிடாமல் செய்கிறது. மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இதை விற்கவே தடை. சோதனை ரொம்ப எளிது: பச்சை இலை ஒன்றைக் காம்போடு பறித்து, காம்பின் அடிப்பகுதியை லேசாகக் கிள்ளி அழுத்துங்கள். பால் மாதிரி வெள்ளையாகக் கசிந்தால் நார்வே. சிவப்பு, சர்க்கரை, வெள்ளி மூன்றிலும் தெளிந்த நீர்தான் வரும். வறட்சிக் காலத்தில் பால் குறைவாக வரலாம், இரண்டு மூன்று இலைகளில் செய்து பாருங்கள். மேற்குக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு இந்தச் சோதனை உதவாது, ஏனென்றால் அங்கே இயற்கையாக வளரும் பெரிய இலை மேப்பிளின் காம்பிலும் பால் வரும். ஆனால் அதன் இலை ஒரு அடி அகலம்கூட வரும் என்பதால் குழப்பம் வராது.

கோடை முழுக்கக் கருஞ்சிவப்பு இலையோடு நிற்கும் 'கிரிம்சன் கிங்' இந்த நார்வே மேப்பிளின் ஒரு ரகம். இதைத்தான் ஊரில் பாதிப் பேர் சிவப்பு மேப்பிள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நிஜமான சிவப்பு மேப்பிள் கோடையில் பச்சையாகத்தான் இருக்கும்.

இன்னும் சந்தேகமா? பூவுக்கும் விதைக்கும் காத்திருங்கள். மார்ச், ஏப்ரலில் இலை விடுவதற்கு முன்பே மொட்டைக் கிளையில் சிவப்புப் பூக்கள் வெடிக்கும். வசந்தம் முடிவதற்குள் இறக்கை விதைகள் பழுத்து விழுந்துவிடும். பிள்ளைகள் ஹெலிகாப்டர் என்று தூக்கிப்போட்டு விளையாடுவது இதைத்தான். சிவப்பு மேப்பிளின் விதை சிறியது, இறக்கையோடு சேர்த்து 2 சென்டிமீட்டர் அளவு. வெள்ளி மேப்பிள் விதையும் அதே பருவத்தில் விழும், ஆனால் அளவில் இரண்டு மடங்குக்கும் மேல். சர்க்கரை மேப்பிளும் நார்வேயும் இலையுதிர்காலத்தில்தான் விதை உதிர்க்கும். நார்வே விதையின் இரண்டு இறக்கையும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விரிந்திருக்கும்.

பட்டையை நம்பாதீர்கள். இளமரத்தில் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்கும் பட்டை, வயதானால் செதில் செதிலாக உரியும். மரத்துக்கு மரம் மாறும்.

எதை வாங்குவது

வாங்குவதற்கு முன் மண்ணின் பிஎச் அளவை, அதாவது மண் அமிலமா சுண்ணாம்பா என்பதைக் காட்டும் எண்ணைப் பரிசோதித்துவிடுங்கள், அதற்கான சின்னப் பெட்டி தோட்டக் கடைகளில் கிடைக்கும். சிவப்பு மேப்பிளுக்கு அமில மண்தான் பிடிக்கும். பிஎச் 7ஐத் தாண்டிய சுண்ணாம்பு மண்ணில் வேரால் மாங்கனீசை எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடையில் எல்லாம் மஞ்சளாகிவிடும். புது வீடுகளில் சிமெண்ட் உடைசலைப் போட்டு மூடிய வாசல் பக்கத்து மண்ணில் இது சகஜம். அப்படிப்பட்ட இடத்தில் வருடா வருடம் மருந்து ஊற்றிக்கொண்டிருப்பதைவிட வேறு மரம் வைப்பது மேல். வடிகால் நன்றாக இருந்து, பக்கத்தில் பனிக்கு உப்புத் தூவும் சாலையும் இல்லையென்றால், சுண்ணாம்பு கலந்த மண்ணைச் சர்க்கரை மேப்பிள் இன்னும் நன்றாகத் தாங்கும்.

அடுத்து, மரம் எந்த ஊர் விதையிலிருந்து வந்தது என்று கேளுங்கள். கேட்டால் நர்சரிக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. ஒரே இனம்தான் என்றாலும் ஃப்ளோரிடா விதையில் வந்த மரம் மினசோட்டாக் குளிரில் தாக்குப்பிடிக்காது, வடக்கு மரம் தெற்கு வெயிலில் திணறும். உள்ளூர் விதையிலிருந்து நாற்று வளர்த்து விற்கும், சொந்த மண்ணின் தாவரங்களுக்கென்றே இருக்கும் நர்சரிகள் பல மாநிலங்களில் உண்டு. முதலில் அங்கே தேடுங்கள்.

விதையில் வந்த மரத்தின் இலையுதிர்கால நிறத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஒன்று கருஞ்சிவப்பாகும், பக்கத்தில் உள்ளது ஆரஞ்சாகும், இன்னொன்று வெறும் மஞ்சளோடு நின்றுவிடும். நிறம் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் 'அக்டோபர் குளோரி', 'ரெட் சன்செட்' மாதிரி ரகங்களை வாங்கலாம், அவற்றில் மரம் சொந்த வேரில் வளர்ந்ததா, ஒட்டுக்கட்டியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்டுக்கட்டிய சிவப்பு மேப்பிள்களில் சில வருடம் நன்றாக வளர்ந்த பிறகு ஒட்டு சேராமல் முறிந்துபோகும் தொல்லை இருந்திருக்கிறது. எங்கே பார்த்தாலும் விற்கும் 'ஆட்டம் பிளேஸ்' தனிச் சிவப்பு மேப்பிள் கிடையாது, சிவப்பும் வெள்ளியும் கலந்த கலப்பினம். வேகமாக வளரும், ஆனால் கவாத்து செய்யாமல் விட்டால் புயலில் பிளக்கும்.

ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் சின்ன மரமே போதும். பெரிய மரத்தைத் தோண்டி எடுக்கும்போது வேரில் பெரும்பகுதி பழைய இடத்திலேயே தங்கிவிடும், அதிலிருந்து தேறிவர வருடங்கள் ஆகும். அதற்குள் சின்ன மரம் அதை எட்டிப்பிடித்துவிடும்.

விதை போட விரும்பினால்

பணமே செலவில்லாத வழி இது, சிவப்பு மேப்பிளில் ரொம்ப சுலபமும்கூட. வசந்த முடிவில் விதை பழுப்பாகி உதிர ஆரம்பித்ததும் பொறுக்கி, காயவிடாமல் அன்றைக்கோ மறுநாளோ போட்டுவிட வேண்டும். அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் ஈரமான மண்ணைப் போட்டு, இறக்கையைப் பிய்த்துவிட்டோ அப்படியேவோ அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து, மேலே கம்பி வலை போட்டு மூடுங்கள். வலை இல்லாவிட்டால் அணில் ஒன்றைக்கூட விட்டுவைக்காது. பெரும்பாலானவை இரண்டொரு வாரத்தில் முளைத்துவிடும். முளைக்காததை உடனே கொட்டிவிட வேண்டாம், சில விதைகள் அடுத்த வசந்தம் வரை காத்திருந்து முளைக்கும்.

சர்க்கரை மேப்பிள் விதைக்கு வேறு வழி. இலையுதிர்காலத்தில் பொறுக்கிய விதையை ஈர மணலில் கலந்து பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று மாதம் வைத்தால்தான் முளைக்கும். ஜோடியாகத் தொங்கும் இரண்டு விதையில் பொதுவாக ஒன்று பொக்கு, விரலால் அமுக்கிப் பார்த்துத் தட்டையாக இருப்பதைத் தூக்கிப் போடுங்கள்.

குழி, வேர், தூர்

நட ஏற்ற காலம் இரண்டு: வசந்தத்தில் இலை விடுவதற்கு முன், அல்லது இலை உதிர்ந்த பிறகு நிலம் உறைவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போது. அமெரிக்காவில் தோண்டுவதற்குச் சில நாட்கள் முன்பு 811க்கு அழைத்துச் சொன்னால் நிலத்தடிக் குழாய், கம்பி போகும் இடத்தை இலவசமாகக் குறித்துத் தருவார்கள். ஒன்டாரியோவில் இதற்கு 'ஒன்டாரியோ ஒன் கால்' இருக்கிறது. நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவில் உள்ள பட்டை நிலம் பெரும்பாலும் நகராட்சியின் பொறுப்பில் இருக்கும், அனுமதி கேட்காமல் நட வேண்டாம்.

இடம் தாராளமாக வேண்டும். வளர்ந்தால் 40 முதல் 60 அடி உயரம் போகும், காட்டில் அதற்கும் மேல். வீட்டுச் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி, தலைக்கு மேல் மின்கம்பி இல்லாத இடமாகப் பாருங்கள். வேர் மேலாக ஓடும் என்பதால் கார் நிறுத்தும் தளத்தை ஒட்டி வைத்தால் சில வருடங்களில் தளம் தூக்கிக்கொள்ளும்.

இனிமேல் சொல்வதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நட்ட மேப்பிள்கள் பத்துப் பதினைந்து வருடம் கழித்துக் காரணம் தெரியாமல் வாடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அடிமரம் நேராக இறங்கி வந்து, ஒரு இடத்தில் அகன்று வேராகப் பிரியும். அந்தத் தூர் விரிவு மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரிய வேண்டும். நர்சரித் தொட்டியில் அது பல நேரம் இரண்டு மூன்று அங்குல மண்ணுக்குள் புதைந்துகிடக்கும். நீங்கள் தொட்டி மண்ணின் மட்டத்தையே அளவாக வைத்து நட்டால், மரம் முதல் நாளிலிருந்தே புதைந்து நிற்கிறது என்று அர்த்தம். அதனால் தொட்டியிலிருந்து எடுத்ததும் மேல்மண்ணைக் கையால் சுரண்டித் தள்ளி, முதல் தடித்த பக்கவேர் எங்கே கிளம்புகிறது என்று கண்டுபிடியுங்கள். அங்கிருந்து வேர்க்கட்டின் (வேரும் அதோடு ஒட்டிய மண்ணும் சேர்ந்த உருண்டை) அடிவரைக்கும் எவ்வளவோ அவ்வளவுதான் குழியின் ஆழம். அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும்.

தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் வேர்களைப் பார்த்து இரக்கப்படாதீர்கள். கத்தியால் வெளிச்சுற்றை ஒரு அங்குலம் செதுக்கிவிடுங்கள். சுற்றிய வேர் மண்ணில் போனாலும் சுற்றிக்கொண்டேதான் தடிக்கும், கடைசியில் அடிமரத்தையே இறுக்கும். ஆகஸ்டில் மற்ற மரமெல்லாம் பச்சையாக இருக்க, மரத்தின் ஒரு பக்கம் மட்டும் சிவந்துவிட்டதென்றால் முதலில் தூரைத் தோண்டிப் பாருங்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு வேர் இறுக்கிக்கொண்டு கிடக்கலாம். சின்னதாக இருந்தால் உளியால் வெட்டி எடுத்துவிடலாம், மணிக்கட்டு அளவுக்குத் தடித்துவிட்டதென்றால் மர வைத்தியம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். சாக்குத்துணியில் கட்டி வரும் மரமென்றால் குழியில் நிறுத்திய பிறகு கயிறு, துணி, கம்பிக்கூடையை முடிந்தவரை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். உரமும் விலை கொடுத்து வாங்கிய கலவை மண்ணும் முதல் வருடம் தேவையில்லை. காற்று அதிகமில்லாத இடத்தில் முட்டுக்கொம்பும் தேவையில்லை, நட்டாலும் ஒரு வருடத்தில் கழற்றிவிடுங்கள்.

தண்ணீர், மூடாக்கு, கவாத்து

முதல் இரண்டு வருடம் மழையில்லாத வாரத்தில் ஒரு முறை நன்றாக ஊறும்படி ஊற்றுங்கள். தினமும் தெளிப்பது வீண்வேலை. அடியில் சிறு ஓட்டை போட்ட பெரிய வாளி இரண்டை நிரப்பி வேர்க்கட்டின் மேல் வைத்துவிட்டால் மெதுவாக இறங்கும். ஊற்றும் முன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் அந்த வாரம் விட்டுவிடலாம்.

மரத்தூள், சீவல் போட்டு மூன்று அங்குல உயரத்துக்கு மூடாக்கு போடுங்கள், எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. அடிமரத்தைத் தொடாமல் ஒரு கை அகலம் விடுங்கள். ஊரெல்லாம் அடிமரத்தைச் சுற்றி எரிமலை மாதிரி குவித்து வைத்திருக்கிறார்களே, அதைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள்: பட்டை அழுகும், அதற்குள்ளேயே புது வேர் விட்டுச் சுற்றும். மூடாக்கினால் இன்னொரு லாபம், புல்வெட்டும் இயந்திரம் மரத்துக்குப் பக்கத்தில் வராது. சிவப்பு மேப்பிளின் பட்டை மெல்லியது, ஒரு இடி பட்டாலே காயம் பல வருடம் ஆறாது.

குளிர்காலத்துக்கு முன் அடிமரத்தைச் சுற்றி இரண்டடி உயரத்துக்குச் சல்லடைக் கம்பி வலையைத் தளர்வாகக் கட்டிவிடுங்கள். பனிக்கு அடியில் வயலெலிகள் பட்டையைச் சுற்றிக் கடித்துவிட்டால் மரம் போச்சு. மான் வரும் பகுதியென்றால் மரத்தைச் சுற்றி ஆளுயர வேலியே வேண்டும்.

கவாத்து செய்யும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: உச்சியில் ஒரே தண்டு இருக்க வேண்டும். சிவப்பு மேப்பிளுக்கு இரட்டைத் தலை விடும் பழக்கம் உண்டு, இரண்டுக்கும் நடுவில் பட்டை மாட்டிக்கொண்டு ஒட்டாமல் நிற்கும், பின்னால் பனிப்பாரத்தில் இரண்டாகப் பிளக்கும். சின்ன வயதிலேயே ஒன்றைக் குட்டையாக்கிவிடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் வெட்டினால் சாறு சொட்டும். மரத்துக்கு அதனால் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் பயமாக இருக்கும், பயமென்றால் கோடையில் வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் பெயிண்ட் பூச வேண்டாம்.

தொல்லைகள்

இலை மேல் சிவப்புக் கொப்புளம் கொப்புளமாக வந்தால் அது சிலந்திப்பேன் வேலை. கறுப்புத் தார் சொட்டிய மாதிரி வட்டங்கள் வந்தால் பூஞ்சை. இரண்டும் பார்க்கத்தான் அசிங்கம், மருந்தடிக்கத் தேவையில்லை. அடிமரத்தில் பென்சில் நுழையும் அளவு வட்டமான ஓட்டையும், பளபளவென்ற கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியோடு நீண்ட மீசை வைத்த வண்டும் கண்ணில் பட்டால் கதை வேறு. அது ஆசிய நீள்கொம்பு வண்டாக இருக்கலாம். 1996இல் புரூக்ளினிலும் 2003இல் டொராண்டோ பகுதியிலும் கண்டுபிடித்து, பரவாமல் தடுக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. மேப்பிள்தான் அதற்கு இஷ்டமான மரம். படம் எடுத்து உடனே மாநில வேளாண் துறைக்கு, கனடாவென்றால் உணவு ஆய்வு முகமைக்கு அனுப்புங்கள்.

பக்கத்தில் யாராவது குதிரை வளர்த்தால் வேலியோரம் சிவப்பு மேப்பிள் வைக்காதீர்கள். வாடிய இலையைத் தின்ற குதிரைக்கு இரத்த அணுக்கள் சிதைந்து உயிரே போகலாம்.

கடைசியாக, சிரப் எடுக்க முடியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். முடியும். இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில் சாறு ஓடும். சர்க்கரை மேப்பிளில் சுமார் 40 லிட்டர் சாறு காய்ச்சினால் ஒரு லிட்டர் சிரப் வரும். சிவப்பு மேப்பிள் சாற்றில் இனிப்பு குறைவு, அதனால் இன்னும் அதிகம் வேண்டும். மொட்டும் சீக்கிரம் வெடிக்கும், அதற்குப் பிறகு எடுத்த சாற்றில் சுவை கெட்டுவிடும் என்பதால் பருவமும் குறுகியது. அடிமரம் குறைந்தது 10 அங்குலக் குறுக்களவு வந்த பிறகுதான் துளை போடலாம். இந்த வருடம் நட்ட மரத்தில் அதற்கு இன்னும் பல வருடம் இருக்கிறது.